செயினில் எத்தனை கண்ணி எடுப்பது?

புது வாட்சைக் கட்டிக்கொண்டு ஷோரூமை விட்டு நான் வெளியே வந்தது ஒரு ஏப்ரல் மாதக் காலை, பதினொரு மணி. உள்ளே இருந்தவரை செயின் என் கைக்கென்றே வார்த்ததுபோல் உட்கார்ந்திருந்தது. பஸ் நிறுத்தத்தில் கால் மணி நேரம் நின்றதும் லேசாக இறுக்கத் தொடங்கியது. (அவ்வளவு விலைக்கு வாட்ச் வாங்கியவன் பஸ்ஸுக்கா நின்றான் என்று கேட்காதீர்கள். வாங்கியதால்தான் நின்றேன்.) மதியம் இரண்டு மணிக்குக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மணிக்கட்டைச் சுற்றிக் கண்ணிகளின் தடம் வரிசையாகப் பதிந்திருந்தது.

மறுநாள் கடைக்குப் போனபோது அங்கிருந்த பெரியவர் ஒருவர் வாட்சைக் கையில் வாங்கி, பூட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "ஒரு கண்ணி அதிகமா எடுத்துட்டாங்க தம்பி" என்றார். எப்படி ஒரே பார்வையில் தெரிந்தது என்று கேட்டேன். அவர் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரையின் சாரம். அதற்கு வருவதற்கு முன் கொஞ்சம் அடிப்படை.

பெண்களுக்கு வளையல் வாங்கும்போது 2-4, 2-6, 2-8 என்று அளவு சொல்வார்கள். 2-4 என்றால் உள்விட்டம் இரண்டு அங்குலமும், அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்ததில் நான்கு பங்கும். அந்த அளவை முடிவுசெய்வது மணிக்கட்டு அல்ல, கைமுட்டிகள். மூடிய வட்டம் விரல்களைத் தாண்டி உள்ளே போக வேண்டுமே. வாட்ச் செயினுக்கு அந்தக் கவலை கிடையாது. பூட்டு திறந்து கையை உள்ளே விட்டுவிடும். அது மணிக்கட்டை மட்டும் பார்த்தால் போதும். எளிது என்றுதான் தோன்றும். ஆனால் கைமுட்டியின் எலும்பு காலையிலும் மாலையிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கிறது. மணிக்கட்டின் சுற்றளவு அப்படி இருப்பதில்லை.

வெயிலில் உடல் தன் சூட்டை வெளியேற்றுவதற்காகத் தோலுக்கு அடியில் உள்ள இரத்தக் குழாய்களை விரிக்கிறது. கூடவே கொஞ்சம் நீர் திசுக்களில் தங்குகிறது. கைவிரல் மோதிரம் மதியத்தில் இறுகுவது இதனால்தான். உப்பு கூடிய சாப்பாடு, பல மணி நேர விமானப் பயணம், வேகமான நடை எல்லாமே இதைச் செய்யும். தோல் பட்டை நாளடைவில் கைக்கு ஏற்ப வளைந்துகொடுக்கும். ரப்பர் பட்டை இழுத்தால் நீளும். இரும்புச் செயின் ஒரு நூலளவுகூட விட்டுக்கொடுக்காது. நம் தாத்தாக்கள் கட்டியிருந்த ஸ்பிரிங் செயின் இந்தத் தொல்லையை வேறு வழியில் தீர்த்தது: கை வீங்கினால் அதுவும் விரியும். பதிலுக்குக் கைமுடியைப் பிடுங்கும்.

இப்போது கணக்கு. ஒரே நாளுக்குள் மணிக்கட்டு கூடிக் குறைவது சில மில்லிமீட்டர். செயினில் ஒரு கண்ணியின் நீளம், மாடலைப் பொறுத்து, சுமார் ஆறிலிருந்து ஒன்பது மில்லிமீட்டர் வரை. அதாவது நமக்கு வேண்டிய மாற்றம் ஒரு கண்ணியைவிடச் சிறியது. கண்ணியைக் கழற்றியோ சேர்த்தோ இதை ஒருபோதும் சரிசெய்ய முடியாது. கண்ணி ரூபாய் நோட்டு என்றால், நமக்குத் தேவைப்படுவது சில்லறை. அந்தச் சில்லறை இருக்கும் இடம் பூட்டு.

பெரும்பாலான எஃகுச் செயின்களில் பூட்டின் பக்கவாட்டில் சிறு துளைகள் வரிசையாக இருக்கும். மூன்று இருக்கலாம், ஆறும் இருக்கலாம். செயினின் ஒரு முனையைப் பூட்டோடு பிணைக்கும் ஸ்பிரிங் பின் இந்தத் துளைகளில் ஏதாவது ஒன்றில் உட்கார்ந்திருக்கும். அதை ஒரு துளை தள்ளினால் செயின் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் கூடும் அல்லது குறையும். என் வாட்சில் அந்தப் பின் கடைசித் துளையில், அதாவது இதற்குமேல் தளர்த்தவே முடியாத இடத்தில், இருந்தது. பெரியவர் பார்த்தது அதைத்தான். அளவு எடுத்தவர் ஒரு கண்ணியைக் கூடுதலாகக் கழற்றிவிட்டு, குறைந்துபோன நீளத்தைப் பூட்டை முழுக்கத் தளர்த்தி ஈடுகட்டியிருக்கிறார். ஏ.சி. அறையில் அது கச்சிதமாக இருந்தது. வெளியே வந்து கை பெருத்தபோது தளர்த்துவதற்கு ஒரு துளைகூட மிச்சமில்லை.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் பூட்டின் பின்னை நடுத்துளையில் வைக்க வேண்டும். அதன் பிறகே கண்ணியை எண்ண வேண்டும். நடுவில் வைத்து அளவு பொருந்தினால், டிசம்பர் மாதத்துக்கு ஒரு துளை உள்ளே, மே மாதத்துக்கு ஒரு துளை வெளியே என்று இரு பக்கமும் இடம் கிடைக்கும். ஷோரூமில் இதைச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். முறையான விற்பனையாளர்கள் வாங்கும்போதே அளவைச் சரிசெய்து தருவது வழக்கம். தனிக் கட்டணமும் பொதுவாக வாங்குவதில்லை.

எண்ணும் முறை

வாட்சைக் கையில் மாட்டிப் பூட்டைப் பூட்டுங்கள். புதுச் செயின் பெரும்பாலும் பெரிய கைக்கும் போதும்படி முழு நீளத்தில் வரும். அதனால் அது தொளதொளவென்று தொங்கும். டயலை மேலே நேராக வைத்துக்கொண்டு, உள்ளங்கைப் பக்கம் தொங்கும் உபரியை இரு விரலால் கிள்ளிப் பிடியுங்கள். மிச்சச் செயின் கையில் படிந்திருக்க வேண்டும், அழுத்தக் கூடாது. கிள்ளியதில் அகப்பட்ட கண்ணிகளை எண்ணினால் எத்தனை எடுக்கலாம் என்பது தெரிந்துவிடும். அளவுநாடாவை நம்புகிறவர்கள் இன்னொரு வழியில் போகலாம். மணிக்கட்டு 165 மில்லிமீட்டர், பூட்டிய செயினின் உள்சுற்று 198 என்று வைத்துக்கொள்வோம். கையோடு ஒட்டாமல் இருக்க எட்டிலிருந்து பத்து மில்லிமீட்டர் இடம் விட்டால் வேண்டியது சுமார் 174. உபரி 24. கண்ணி ஒன்று எட்டு மில்லிமீட்டர் என்றால் மூன்று கண்ணி. எனக்குக் கிள்ளிப் பார்ப்பதே பிடிக்கும். கை தட்டையா, உருண்டையா என்பது நாடாவுக்குத் தெரியாது.

இரண்டு கண்ணியா, மூன்றா என்று தயக்கம் வந்தால் ஒரு கண்ணி குறைவாகவே எடுங்கள். மிச்சத்தைப் பூட்டு பார்த்துக்கொள்ளும்.

எடுக்கும் கண்ணிகளை ஒரே பக்கத்தில் எடுக்கக் கூடாது. செயின் இரண்டு கைகள் கொண்டது: டயலின் 12-க்கு மேலே ஒன்று, 6-க்குக் கீழே ஒன்று. இரண்டிலிருந்தும் சமமாக எடுத்தால் பூட்டு மணிக்கட்டின் அடியில் நடுவாக அமரும். ஒற்றைப்படையாக வந்தால், கூடுதல் ஒன்றைப் பெரும்பாலும் 6 பக்கத்திலிருந்து எடுப்பார்கள். ஆனால் வழக்கத்தைவிடக் கண் நல்ல சாட்சி. கையைத் திருப்பி உள்ளங்கை மேலே தெரியும்படி வைத்துப் பாருங்கள். பூட்டு மணிக்கட்டின் நடுவில் இருக்கிறதா, ஒரு ஓரமாக ஒதுங்கியிருக்கிறதா? ஒதுங்கியிருந்தால் டயலும் எதிர்ப்பக்கம் சரியும். நாள் முழுக்க அதை இழுத்து இழுத்து நேராக்கிக்கொண்டே இருப்பீர்கள். மடிக்கணினியில் தட்டச்சு செய்கிறவர்களுக்குப் பூட்டு ஒரு பக்கமாக மேசையில் உரசுவதும் தெரியவரும்.

எல்லாக் கண்ணியையும் கழற்ற முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். டயலுக்கு அருகில் உள்ளவை பல மாடல்களில் நிரந்தரமாகப் பிணைக்கப்பட்டவை. செயினின் விளிம்பைப் பார்த்தால் ஸ்க்ரூவின் தலையோ பின்னின் முனையோ எந்தெந்தக் கண்ணியில் தெரிகிறதோ அவைதான் கழற்றக் கூடியவை. மிக ஒல்லியான கை உள்ளவர்கள் வாங்கும் முன்பே இவற்றை எண்ணிப் பார்ப்பது நல்லது. எல்லாவற்றையும் கழற்றிய பின்னும் செயின் தொங்கினால் அந்த வாட்ச் உங்களுக்கு இல்லை.

கண்ணிகளை எது பிடித்து வைத்திருக்கிறது?

விலை உயர்ந்த வாட்சுகளில் பெரும்பாலும் ஸ்க்ரூ. ரோலெக்ஸின் ஆய்ஸ்டர் செயின் இதற்கு நல்ல உதாரணம். கழற்றக் கூடிய ஒவ்வொரு கண்ணியிலும் பக்கவாட்டில் ஒரு நுண்ணிய ஸ்க்ரூ. அதை வெளியே எடுத்தால் கண்ணி பிரிந்துவிடும். பார்க்க எளிது. ஆனால் அந்த ஸ்க்ரூ தானாகக் கழன்றுவிடாதபடி அதில் பசை தடவியிருப்பார்கள். பொருந்தாத ஸ்க்ரூடிரைவரை வைத்து வேகமாகத் திருகினால் ஸ்க்ரூ அசையாது, அதன் தலையில் உள்ள வெட்டுதான் சிதையும். டிரைவர் வழுக்கினால் பளபளப்பான விளிம்பில் ஒரு கோடு. அது ஆயுள் முழுக்க உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

சில வாட்சுகளில் ஒரே தண்டுக்கு இரு முனையிலும் ஸ்க்ரூ இருக்கும். ஒரு பக்கம் மட்டும் திருகினால் முழுத் தண்டும் சேர்ந்து சுற்றும். மறுபக்கத்தை இன்னொரு டிரைவரால் பிடித்துக்கொள்ள வேண்டும். இது தெரியாமல் அரை மணி நேரம் திருகிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன்.

விலை குறைந்தால் ஸ்க்ரூவின் இடத்தில் பின். நடுவில் பிளந்த பின் ஒரு வகை. அதன் பிளவு ஸ்பிரிங்போல் விரிந்து துளைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். செயினின் உட்பக்கத்தைப் பார்த்தால் கண்ணிகளில் சிறிய அம்புக்குறி தெரியும். பின்னை அம்பு காட்டும் திசையில் தள்ளி வெளியே எடுக்க வேண்டும். திரும்பப் போடும்போது அம்புக்கு எதிராக, பிளந்த முனை கடைசியாக உள்ளே போகும்படி. ஓசூரிலிருந்து வரும் டைட்டன் ஒன்று வீட்டில் பழசாகக் கிடந்தால் அதன் செயினைத் திருப்பிப் பாருங்கள். பின் வகைச் செயினாக இருந்தால், அம்பு இருக்கிறதா என்று பார்த்துப் பழகிக்கொள்ளலாம். புது வாட்சில் கற்றுக்கொள்வதைவிடப் பழைய வாட்சில் கற்றுக்கொள்வது மலிவு.

இன்னொன்று சீகோவின் பல மாடல்களில் வருவது: பின்னோடு கூடவே கடுகைவிடச் சற்றே பெரிய ஓர் உலோகக் குழல். பின் அந்தக் குழலுக்குள் நுழைந்து இறுகினால்தான் நிற்கும். பின்னைத் தட்டும்போது இந்தக் குழல் சத்தமில்லாமல் கீழே விழுந்து மொசைக் தரையில் மறைந்துவிடும். அது இல்லாமல் கண்ணியைச் சேர்த்தால் அப்போதைக்கு நிற்பதுபோல்தான் தோன்றும். பிறகு ஏதாவது ஒரு நாள் சாலையில் நடக்கும்போது பின் நழுவும். இந்த வகையைத் தொடுவதற்கு முன் மேசையில் ஒரு வெள்ளைத் துண்டை விரியுங்கள்.

கருவியே வேண்டாம் என்கிற வாட்சும் உண்டு. 2018-இல் கார்ட்டியே தன் சாண்டோஸ் மாடலைப் புதுப்பித்தபோது, கண்ணியின் பின்பக்கம் ஒரு சிறு பொத்தானை வைத்தது. அழுத்தினால் தண்டு வெளியே வரும், கண்ணியைக் கையாலேயே எடுத்துவிடலாம். இப்படி ஒரு வசதி ஏன் எல்லா வாட்சிலும் இல்லை என்று எனக்கு இன்னும் வியப்புதான்.

பூட்டைப் பார்த்து வாட்ச் வாங்குங்கள்

வாட்ச் வாங்கப் போகிறவர்கள் டயலின் நிறத்தைப் பார்ப்பார்கள், உள்ளே ஓடும் எந்திரத்தின் பெயரைக் கேட்பார்கள். பூட்டைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. தினமும் கையில் உணரப் போவது அதைத்தான்.

துளை வரிசை உள்ள பூட்டைப் பற்றிச் சொன்னேன். அதை மாற்ற ஒரு கூர்மையான கருவி வேண்டும். பஸ்ஸில் உட்கார்ந்து செய்ய முடியாது. இந்தக் குறையைத் தீர்க்கத்தான் கையாலேயே நகர்த்தும் பூட்டுகள் வந்தன. ரோலெக்ஸின் சப்மரினர் மாடலில் உள்ள கிளைட்லாக் என்ற பூட்டு இரண்டு இரண்டு மில்லிமீட்டராக, மொத்தம் சுமார் இருபது மில்லிமீட்டர் வரை நீளும். அது முதலில் முக்குளிப்பவர்களின் உடைக்கு மேலே கட்டுவதற்காக. கடலுக்கே போகாதவர்களுக்கு அது வெயிலுக்கு உதவுகிறது. அதே நிறுவனத்தின் வேறு மாடல்களில் ஈசிலிங்க் என்ற சிறு மடிப்புக் கண்ணி இருக்கிறது. மடக்கினால் ஐந்து மில்லிமீட்டர் குறையும், விரித்தால் ஐந்து மில்லிமீட்டர் கூடும். இடையில் வேறு நிலை இல்லை. டியூடரின் டி-ஃபிட் பூட்டு ஐந்து நிலைகளில் எட்டு மில்லிமீட்டர் தருகிறது. ஒமேகாவும் சீமாஸ்டர் டைவர் போன்ற மாடல்களில் பொத்தானை அழுத்தி நகர்த்தும் பூட்டை வைத்திருக்கிறது. நம் ஊர் வெயிலுக்கு இரண்டு வாட்சுகளில் எது என்று என்னைக் கேட்டால், மற்றதெல்லாம் சமமாக இருக்கும்போது இப்படிப்பட்ட பூட்டு உள்ளதையே சொல்வேன்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியது பட்டாம்பூச்சிப் பூட்டிடம். இரு பக்கமும் இறகுபோல் திறக்கும், மூடினால் பூட்டு இருப்பதே தெரியாது. அழகு. ஆனால் அதில் துளை வரிசைக்கு இடமே இல்லை. அந்தச் செயினில் அரைக் கண்ணி என்று ஒன்று இருந்தால் பிழைத்தீர்கள்: முழுக் கண்ணியில் ஏறக்குறைய பாதி நீளம், ஒரு முழுதை எடுத்துவிட்டு ஓர் அரையைச் சேர்த்தால் நடுவான அளவு கிடைக்கும். அரைக் கண்ணியும் இல்லையென்றால் இறுக்கம், தளர்ச்சி இரண்டில் ஒன்றோடு வாழப் பழக வேண்டியதுதான். கடையில் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்.

சரியாக இருக்கிறதா என்று எப்படி அறிவது?

சரிசெய்த பிறகு சுண்டுவிரலைப் பூட்டுக்கும் கைக்கும் நடுவில் நுழைத்துப் பாருங்கள். கொஞ்சம் முயன்று நுழைந்தால் சரி. விரல் தாராளமாக உலாவினால் தளர்வு, நுனியே போகவில்லை என்றால் இறுக்கம். பிறகு கையைத் தொங்கவிட்டு இரண்டு தடவை உதறுங்கள். வாட்ச் கொஞ்சம் நகர வேண்டும். டயல் மணிக்கட்டின் பக்கவாட்டுக்குச் சுழன்று போகக் கூடாது. அது அமர வேண்டிய இடம் சுண்டுவிரல் பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு முட்டுக்கு முழங்கைப் பக்கம். முட்டுக்கு முன்னால், உள்ளங்கையை ஒட்டி விழுந்தால், கையை மடக்கும்போதெல்லாம் சாவித் திருகு (வாட்சின் பக்கவாட்டில் உள்ள குமிழ்) புறங்கையைக் குத்தும்.

இந்தச் சோதனையைக் காலையில் செய்யாதீர்கள். மதிய உணவுக்குப் பிறகு, கொஞ்சம் நடந்துவிட்டு வந்து செய்யுங்கள். கடைக்குப் போவதாக இருந்தாலும் மாலையில் போவதே மேல். அல்லது முதல் நாள் ஒரு கண்ணி தளர்வாகவே வாங்கி வந்து ஒரு வாரம் கட்டிப் பார்த்துவிட்டு மறுபடி போகலாம்.

கனத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். தங்கத்தால் ஆன வாட்சோ, தடித்த முக்குளிப்பு வாட்சோ தளர்வாக இருந்தால் அதன் எடையே அதைச் சுழற்றிவிடும். சற்று இறுக்கமாகக் கட்டினால்தான் நிற்கும். டைட்டானிய வாட்ச் எஃகைவிட மிக லேசு. அது கொஞ்சம் தொங்கினாலும் தெரியாது.

மிகத் தளர்வாகக் கட்டுவதில் இன்னொரு செலவு இருக்கிறது. பழைய வாட்ச் செயினைப் படுக்கை வாட்டில் பிடித்தால் வில்போல் வளைந்து தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். செயின் நீண்டுவிட்டது என்பார்கள். எஃகு நீள்வதில்லை. வியர்வையும் தூசும் சேர்ந்து மாவுபோல் ஆகி, கண்ணிகளுக்கு இடையே உள்ள தண்டையும் துளையையும் பல ஆண்டுகள் அரைத்துத் தேய்த்துவிட்டன. செயின் எவ்வளவு அசைகிறதோ அவ்வளவு அரைக்கும். நீர் புகாத வாட்ச் என்றால் வாரம் ஒரு முறை, சாவித் திருகு மூடியிருப்பதைப் பார்த்துவிட்டு, வெதுவெதுப்பான நீரில் மென்மையான பிரஷ்ஷால் செயினைத் தேய்த்துக் கழுவினால் இந்தத் தேய்மானம் பெரிதும் குறையும்.

வீட்டில் செய்யலாமா?

பூட்டின் துளையை மாற்றுவது என்றால் தாராளமாகச் செய்யலாம். ஒரே நிபந்தனை, ஸ்பிரிங் பின் பறக்கும். தெளிவான பிளாஸ்டிக் பைக்குள் வாட்சையும் கையையும் விட்டுச் செய்தால், பறந்தாலும் பைக்குள்தான் இருக்கும்.

ஸ்க்ரூ கண்ணி என்றால் டிரைவரின் முனை வெட்டின் முழு அகலத்தையும் நிரப்ப வேண்டும். மலிவான பெட்டியில் வரும் பத்துக் கருவிகளில் ஒன்றுகூடச் சரியாகப் பொருந்தாமல் போகலாம். பசையை இளக்கத் தலைமுடி உலர்த்தும் கருவியால் அந்தக் கண்ணியைக் கொஞ்ச நேரம் சூடாக்குங்கள். விளிம்புகளில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். ஸ்க்ரூவைத் திரும்பப் போடும்போது லாக்டைட் 222 போன்ற வலுக் குறைந்த பசை ஒரு துளி, ஊசி முனையால். வலுவான சிவப்புப் பசையைத் தொடாதீர்கள், அடுத்த முறை கழற்றவே முடியாது. தங்கக் கண்ணி என்றால் என் யோசனை ஒன்றுதான்: கடைக்குப் போங்கள். தங்கம் எஃகைப்போல் கருவியின் பிழையைப் பொறுக்காது.

கழற்றிய கண்ணிகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஸ்க்ரூக்களோடு. தனியாக வாங்கினால் ஒரு கண்ணிக்குக் கேட்கும் விலையில் நல்லதொரு சாதாரண வாட்சே வாங்கிவிடலாம். பின்னாளில் விற்கப் போனால் முதலில் கேட்பது, "எல்லாக் கண்ணியும் இருக்கா?" என்பதுதான். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு என்று வாங்கிய வாட்ச், பத்து ஆண்டுகள் கழித்து அவர் கையில் ஏறாமல் நிற்பதும் நம் வீடுகளில் நடப்பதுதானே. அப்போது ஒரு கண்ணி அகப்பட்டால் பிரச்சினை தீர்ந்தது.

என் வாட்சுக்கு அந்தப் பெரியவர் ஒரு கண்ணியைத் திரும்பச் சேர்த்து, பின்னை, அது இருந்த கடைசித் துளையிலிருந்து எண்ணினால் மூன்றாவது துளைக்கு உள்ளே தள்ளி வைத்தார். ஐந்து நிமிட வேலை. மழைக்காலத்தில் நான்காவதுக்கு மாற்றுவேன், சித்திரை பிறந்ததும் இரண்டாவதுக்கு. மிச்சமிருந்த இரண்டு கண்ணிகள் சிறிய ஜிப் பையில், வாட்ச் வந்த பெட்டியின் மெத்தைக்கு அடியில் இருக்கின்றன.